பேய் வருவதற்கு முந்தைய நிமிடம்

மாதுங்கா, செம்பூர், தாராவி, முலுண்டு என்று இந்த மும்பையில் பேய்ப்படம் பார்க்கிற தமிழ்க்கூட்டம் பெரியது. தமிழ், இந்தி, மலையாளம், கொரியன், ஜப்பான் எதையும் விடுவதில்லை. ஆனால் "எந்தப் படம் ரொம்பப் பயம்?" என்ற பேச்சு வந்தால் நம்மில் பாதிப் பேர் எண்ணிக்கை சொல்கிறோம். இந்தப் படத்தில் பன்னிரண்டு இடத்தில் தூக்கிப்போட்டது, அதில் ஏழு இடம்தான் என்று. இந்தக் கணக்கே தவறு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

தூக்கிப்போடுவது உடம்பின் வேலை. எதிர்பாராமல் பலத்த சத்தம் கேட்டால் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் இமை மூட ஆரம்பித்துவிடும், அடுத்துத் தோள் ஏறும். சமையலறையில் குக்கர் மூடி விழுந்தாலும் இதேதான் நடக்கும். மூளை யோசிக்க ஆரம்பிக்கும் முன்பே முடிந்துபோகிற காரியம் அது. அதை வைத்து ஒரு இயக்குநரை எடை போட முடியாது. பயம் அதற்கு முந்தைய நிமிடத்தில் இருக்கிறது. அந்த நிமிடத்தை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள், படம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

1942ல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு காட்சி. ராத்திரி நேரம், பூங்கா மதிலை ஒட்டிய ஆளில்லாத நடைபாதை. ஒருத்தி தனியாக நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தி. இசை கிடையாது. இரண்டு பேரின் குதிகால் செருப்புச் சத்தம் மட்டும். ஒரு விளக்கு வெளிச்சம், பிறகு இருட்டு, மறுபடி வெளிச்சம், மறுபடி இருட்டு. ஒரு கட்டத்தில் பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள். யாருமில்லை. நடையைக் கூட்டுகிறாள். திடீரென்று சீறிக்கொண்டு ஒன்று திரைக்குள் நுழைகிறது. பஸ். பிரேக்கின் காற்றுச் சத்தம், அவ்வளவுதான். படத்தின் தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரில் இந்த உத்தியை 'லூட்டன் பஸ்' என்றே சினிமாக்காரர்கள் சொல்கிறார்கள். எண்பது வருடமாக எல்லோரும் காப்பியடிப்பது பஸ்ஸை. கற்றுக்கொள்ள வேண்டியது செருப்புச் சத்தம் நின்ற இடத்தை. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த ஒன்று காணாமல் போன அந்த நொடியில்தான் நம் வயிறு இறங்குகிறது. பஸ் வருவது அந்த இறுக்கத்தை அவிழ்த்துவிட மட்டுமே.

ஒரு அதிர்ச்சியை ஒழுங்காகக் கட்டுகிற எடிட்டரும் ஒலிக்காரரும் செய்வது ஏறக்குறைய இதுதான். அந்த வீட்டின் சாதாரணச் சத்தங்களை, அதாவது ஃபேன், ஃபிரிட்ஜ், தெருவில் போகும் வண்டி, பூச்சி, இவற்றை முன்னாலேயே இரண்டு மூன்று காட்சிகளில் நம் காதுக்குப் பழக்கிவிடுவார்கள். பிறகு அந்த இடம் வரும்போது இருபது முப்பது விநாடிக்குள் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எடுப்பது நமக்குத் தெரியக்கூடாது. முழு நிசப்தம் வரைக்கும் போகவும் கூடாது. போனால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று அரங்கம் நினைக்கும், யாராவது சிரிப்பார்கள், கட்டியதெல்லாம் போயிற்று. அறையின் மெல்லிய மூச்சுபோல ஒரு ஒலி அடியில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அடுத்து ஒரு பொய்க் காரணம்: திரைச்சீலை, பூனை, பக்கத்து வீட்டுக் குழந்தை. பார்ப்பவர் மூச்சை விடுவார். விட்ட மூச்சு முழுதாக வெளியேறுவதற்குள், ஒரு விநாடி ஒன்றரை விநாடியில், வர வேண்டியது வந்துவிட வேண்டும். சத்தமும் உருவமும் ஒரே ஃப்ரேமில் விழ வேண்டும். விநாடிக்கு 24 ஃப்ரேமில் சத்தம் மூன்று நான்கு ஃப்ரேம் பிந்தினாலே அடி மழுங்கிவிடும், உடம்பை உலுக்குவது காது வழியாக வருவதுதான்.

இதில் நம்மவர்கள் தவறுகிற இடங்கள் இரண்டு. வயலினை ஏற்றி ஏற்றி முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுவது முதல் தவறு. வயலின் ஏறினால் அரங்கமே காதைப் பொத்திக்கொள்கிறது. அடி விழுந்த பிறகு நிறுத்தத் தெரியாதது இரண்டாவது, இதுதான் பெரிய தவறு. உருவம் தெரிந்ததும் மந்திர கோஷம், பறை, அலறல் எல்லாம் சேர்ந்து முப்பது நாற்பது விநாடி ஓடுகிறது. அந்த நேரத்தில் நம் காது அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடுகிறது. அடுத்த அடிக்கு மேலே ஏற இடமே இல்லை. முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரை ஒரே மட்டத்தில் கத்துகிற படம் காதுவலியைத்தான் தரும்.

தியேட்டர் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. படத்தின் ஒலியைக் கலக்கும்போது, தியேட்டரில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் டால்பி கருவியின் குமிழ் 7ல் இருக்கும் என்ற கணக்கில் கலக்குகிறார்கள். அந்த அளவில் ஒரு முன் ஸ்பீக்கரின் சோதனை ஒலி 85 டெசிபல். டிரெய்லரும் விளம்பரமும் கத்துகிறது என்று யாராவது புகார் சொன்னால் ஆபரேட்டர் குமிழை 5க்கு இறக்குகிறார், படம் தொடங்கிய பிறகும் அது அங்கேயே நிற்கிறது. அந்தக் குமிழில் ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய 3.3 டெசிபல். ஆக ஆறரை டெசிபலுக்கு மேல் குறைந்துவிடும். பெரிய சத்தங்கள் அப்போதும் கேட்கும். செத்துப்போவது சின்னச் சத்தங்கள்தான்: மாடிப்படியில் ஒரு கால், கதவுக்குப் பின்னால் மூச்சு. அவை ஏசி இரைச்சலுக்கு அடியில் போய்விடும். அதனால்தான் ஒரே படம் ஒரு அரங்கில் நடுக்கம், இன்னொரு அரங்கில் கொட்டாவி. சந்தேகம் இருந்தால் முதல் பத்து நிமிடத்துக்குள் எழுந்து போய்ச் சொல்லுங்கள். குமிழைத் திருப்ப அரை நிமிடம் போதும்.

சத்தம் எதிலிருந்து பிறக்கிறது என்பதையும் ரசிகர்கள் தெரிந்து வைத்திருக்கலாம். 1973ன் 'தி எக்சார்சிஸ்ட்' படத்தில் சிறுமியின் தலை திரும்புகிற அந்த எலும்புச் சத்தம், கிரெடிட் கார்டு செருகிய ஒரு பழைய தோல் பர்ஸை மைக் முன்னால் முறுக்கி எடுத்தது. அவள் படுக்கையறையில் தெரியும் மூச்சுப்புகை கிராஃபிக்ஸ் கிடையாது. அறையின் செட்டையே குளிரூட்டி உறையவைத்து எடுத்தார்கள். நடிகர்கள் நிஜமாகவே நடுங்கினார்கள், நமக்கும் அது தொற்றுகிறது. அலறல் பற்றி ஒரு வார்த்தை. மனித அலறலில் ஒலி விநாடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்கி அதிர்கிறது. சாதாரணப் பேச்சில் அந்தச் சொரசொரப்பு இல்லை, அதனால்தான் அலறல் மூளையைச் சுரண்டுகிறது. பத்துப் படத்தில் கேட்ட அதே ரெடிமேட் அலறலை ஒட்டுவதைவிட, தொண்டை கட்டிய நிலையில் அந்த நடிகையே கத்திய ஒரே ஒரு டேக் ஆயிரம் மடங்கு மேல்.

இடத்துக்கு வருவோம். பயப்படுவதற்கு முன்னால் வீடு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு எத்தனை அடி, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், சுவிட்ச் எங்கே. இது மனதில் பதியாவிட்டால் நாயகி இருட்டில் ஓடும்போது எங்கே ஓடுகிறாள் என்றே நமக்குப் புரியாது. முதல் பதினைந்து நிமிடத்தில் பகல் வெளிச்சத்தில் வீட்டை ஒரு தடவை நடந்து காட்டாத படம் பிறகு எவ்வளவு இருட்டினாலும் பயனில்லை. ராம் கோபால் வர்மாவின் 'பூத்' (2003) இதற்கு நல்ல பாடம். மலைமேல் பங்களா, வௌவால், புகை எதுவும் இல்லை. மும்பையின் உயரமான ஒரு கட்டிடத்தில் ஒரு ஃபிளாட், லிஃப்ட், வாட்ச்மேன், பால்கனி. பாட்டும் கிடையாது. படம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் ஏற வேண்டியதும் அதே மாதிரி லிஃப்டில்தான். 2009ன் 'யாவரும் நலம்' இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தது. நாயகன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது, வேறு யாராவது ஏறினால் நகரும். உருவமும் இல்லை, ரத்தமும் இல்லை. தினம் கையாளுகிற ஒரு பொருள் நம்மை மட்டும் அடையாளம் கண்டு மறுக்கிறது. தமிழ்ப் பேய்ப்படங்களில் அதற்கு நிகரான யோசனை மிகக் குறைவு.

அந்த லிஃப்ட் வேலை செய்வதற்குக் காரணம் அதற்கு ஒரு விதி இருப்பது. பேயால் என்ன முடியும், என்ன முடியாது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். 'தும்பாட்' (2018) படத்தில் ஹஸ்தர் என்ற பூதம் மாவுப் பொம்மைக்கு வருவான், மாவால் போட்ட வட்டத்தைத் தாண்ட மாட்டான், பொம்மையைத் தின்று முடிப்பதற்குள் அவனிடமிருக்கும் பொற்காசை எடுத்துக்கொண்டு ஏறிவிட வேண்டும். விதி தெரிந்துவிட்டதால் ஒவ்வொரு விநாடியையும் நாமே எண்ணுகிறோம். அந்தப் படத்தின் மழையும் நிஜ மழை. பல பருவமழைகள் காத்திருந்து எடுத்தார்கள், குழாய் மழையில் அந்தச் சாம்பல் வானம் கிடைக்காது. விதியே இல்லாத பேய், எங்கேயும் வரும், எதுவும் செய்யும், ஆனால் நாயகனைக் கொல்லாது. அப்படிப்பட்ட பேயிடம் யாருக்கும் பயம் வராது.

நம் படங்களின் இரண்டாம் பாதி ஃபிளாஷ்பேக்கும் இங்கேதான் வருகிறது. பேய்க்கு ஒரு அநியாயம் நடந்திருக்கும், இருபத்தைந்து நிமிடம் அதைக் காட்டுவார்கள். அது முடிந்ததும் பேய் நம் ஆளாகிவிடுகிறது. வில்லனைக் கொல்லும்போது கைதட்டுகிறோம். அது பழிவாங்கும் கதையாக நன்றாகவே இருக்கலாம், அதில் குறையில்லை. ஆனால் அந்த இடத்தில் பேய்ப்படம் முடிந்துவிடுகிறது. காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் இரண்டு நிமிடத்தில், முழுதாகச் சொல்லாமல், தப்பாகவும் புரிந்துகொள்ள இடம் வைத்துச் சொல்லலாம். இடைவேளை நம் ஊர்ப் படங்களின் தவிர்க்க முடியாத சங்கடம். விளக்கு எரிந்து சமோசா சாப்பிட்டு வந்தவரை உடனே பயமுறுத்த முடியாது. மறுபடி ஒரு பகல், ஒரு சமையலறை என்று பத்து நிமிடம் கட்டித்தான் ஆக வேண்டும்.

இருட்டைப் பற்றி நிறைய பேர் தப்பாக நினைக்கிறார்கள். இருட்டு என்றால் விளக்கைக் குறைப்பது என்று எடுத்துவிட்டு, தியேட்டரில் ஒன்றுமே தெரியவில்லை என்று திட்டு வாங்குகிறார்கள். திரையின் வெளிச்சம் 14 ஃபுட்லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது தரம். புரொஜெக்டரின் செனான் விளக்கு பழசானால் அதில் நல்ல பங்கு போய்விடும், எடிட் அறை மானிட்டரில் தெரிந்த உருவம் திரையில் கரைந்துவிடும். சட்டத்துக்குள், அதாவது கேமரா பார்க்கும் பரப்புக்குள், ஒரு நிஜமான வெளிச்சம் இருக்க வேண்டும். சாமி விளக்கோ, பாதி திறந்த ஃபிரிட்ஜோ போதும். அப்போதுதான் மற்ற இடம் இருட்டாகத் தெரியும். இந்த ஊரிலேயே இந்திப் பேய்ப்படங்கள் எடுத்த ராம்சே சகோதரர்கள் குறைந்த செலவில் பச்சை, சிவப்பு விளக்கையும் புகையையும் வைத்துப் பிழைப்பு நடத்தினார்கள். 'புரானா மந்திர்' 1984ல் பெரிய வெற்றி. ஏழு சகோதரர்களில் கங்கு கேமரா, கிரண் ஒலி என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒலிக்கென்று வீட்டிலேயே ஒருவரை வைத்திருந்த அந்தக் குடும்பத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு.

மும்பையில் குறும்படம் எடுக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சில நேரடி விஷயங்கள். சால் (வரிசையாகச் சின்ன வீடுகள் இருக்கும் பழைய மும்பைக் குடியிருப்பு) வீட்டு நீளத் தாழ்வாரமும், கிராதிக் கதவு இழுத்து மூடும் பழைய லிஃப்டும் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த செட். லோக்கல் ரயில் ஓயும் இரவு ஒன்றரைக்கும் விடியற்காலை நாலுக்கும் நடுவே ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு அறையிலும் யாரும் அசையாமல் ஒரு முழு நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எடிட்டில் வெட்டிய இடமெல்லாம் ஓட்டையாகக் கேட்கும். புகை போட்டால் ஃபேனை அணைத்து ஜன்னலை மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் கடல்காற்றில் ஷாட்டுக்கு ஷாட் புகை மாறி ஒட்டவே ஒட்டாது. பேய் நடை வேண்டுமென்றால் ஜப்பானின் 'ரிங்கு' (1998) வழி இருக்கிறது: நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்து எடுத்து, ஃபிலிமைத் திருப்பி ஓட்டினார்கள். ஆனால் சட்டத்துக்குள் சொட்டும் குழாயோ ஊதுபத்திப் புகையோ இருந்தால் அவையும் தலைகீழாக ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும். முகத்துக்கு மிக அருகில் கேமராவை வைக்காதீர்கள். ஆளை ஓரத்தில் நிறுத்தி, பின்னால் காலி இடத்தை விட்டு ஆறேழு விநாடி வெட்டாமல் பிடியுங்கள். பார்ப்பவர் கண் தானே அந்தக் காலி இடத்தைத் துழாவும். அங்கே எதையும் வைக்கவே வேண்டாம், இரண்டாவது தடவை அதே சட்டம் வரும்போது வைத்தால் போதும்.

வீட்டில் பார்க்கிறவர்கள் டிவியில் 'நைட் மோட்' என்று ஒலியைச் சமன்படுத்துவதை அணைத்துவிடுங்கள், அது சின்னச் சத்தத்தை ஏற்றிப் பெரியதை இறக்கி எல்லாவற்றையும் தட்டையாக்குகிறது. 'மோஷன் ஸ்மூத்திங்' இருந்தால் அதையும் அணையுங்கள், அது இருந்தால் படம் சீரியல் மாதிரி வழவழப்பாக ஓடும். டிவியின் ஸ்பீக்கருக்கு அடிமட்ட ஒலி வராது, ஆறு தடமுள்ள 5.1 ஒலியை இரண்டு தட ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது அதிர்வுக்கென்றே இருக்கும் தனித் தடம் பெரும்பாலும் கழிந்தும் போகிறது. சாதாரண ஹெட்ஃபோன் இதைவிட எவ்வளவோ மேல். ஃபேனை ஒன்றில் வையுங்கள். ஜூலை மழையில் ஜன்னலைச் சாத்தினாலும் தகரக் கூரைச் சத்தம் உள்ளே வரும். அன்றைக்குச் சத்தத்தில் நிற்கிற படத்தைத் தள்ளிவைத்து, மழை நின்ற ராத்திரியில் போடுங்கள்.