பெயரின் முதல் பாதி

போன மாதம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வெளித்தேர்வாளராகப் போயிருந்தேன். ஆற்றல் மேலாண்மையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் சேர்ந்த முதுநிலைப் படிப்பு. 16 மாணவர்கள், 16 இறுதித் திட்டங்கள். 11 சோலார், 3 காற்றாலை, ஒன்று பேட்டரி, ஒன்று ஹைட்ரஜன். எல்லாமே கணினியில் மாதிரி ஓட்டிப் பார்த்தவை. உழைப்பில் குறையே இல்லை. ஆனால் அந்த 16 பேரில் ஒருவர்கூட தன் திட்டத்துக்காக ஒரு மீட்டரை மாட்டி எதையும் அளக்கவில்லை.

ஒரு மாணவியிடம் கேட்டேன். "இந்தக் கட்டடத்துக்கு 100 கிலோவாட் பேனல் போதும் என்று எப்படி முடிவு செய்தீங்க?"

"லோடு 100 கிலோவாட் சார்."

"எந்த நேரத்து லோடு?"

பதில் வரவில்லை. விளக்கு, விசிறி, ஏசி, லிஃப்ட் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும் வாட்டைக் கூட்டி அந்த 100ஐ எடுத்திருக்கிறார். அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. அந்தப் பக்கம் 100 கிலோவாட் பேனலும் நாள் முழுக்க 100 கிலோவாட் தருவதில்லை. இரவையும் மேகத்தையும் சேர்த்து ஆண்டு முழுதுக்கும் சராசரி பார்த்தால் ஆறில் ஒரு பங்கு, நல்ல வெயில் விழும் இடமாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு. கிலோவாட் வேறு, கிலோவாட்-மணி வேறு: முதலாவது அந்தக் கணத்தில் ஓடும் மின்திறன், இரண்டாவது அது ஓடிய நேரத்தையும் சேர்த்த மொத்த அளவு. இது முதல் வாரப் பாடம்தான். ஆனாலும் ஓடுகிற ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று அந்த வித்தியாசத்தைப் பார்க்காதவரை அது மனதில் தங்காது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மிகவும் புத்திசாலி. கேட்ட கேள்வி எங்கே போகிறது என்று ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடமாக அவரிடம் யாருமே அதைக் கேட்டதில்லை என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெயரின் இரண்டாம் பாதிக்காக வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். பேனலும் காற்றாலையும் கண்ணுக்குத் தெரிகின்றன, நம்பிக்கை தருகின்றன. மேலாண்மை என்றால் ஏதோ அலுவலகக் கோப்பு வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். பல்கலைக்கழகங்களும் அதற்கு ஏற்றபடி மேலாண்மையை ஒரு விருப்பப் பாடமாக ஓரத்தில் ஒதுக்கிவிடுகின்றன. இது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. முதல் பாதி தெரியாதவருக்கு இரண்டாம் பாதியைச் சரியாகச் செய்ய முடியாது.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு பம்ப்.

முதல் ஆண்டில் எங்கள் பேராசிரியர் எங்களை மொட்டை மாடிப் பேனல்களுக்குக் கூட்டிப்போகாமல் கீழ்த்தளத்துப் பம்ப் அறைக்குக் கூட்டிப்போனார். 30 மீட்டர் உயரத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப். வால்வைப் பாதி மூடி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "இதில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்.

வகுப்பில் அப்போதுதான் விதி படித்திருந்தோம். பம்பின் வேகத்தைக் குறைத்தால் தண்ணீரின் அளவு அதே விகிதத்தில் குறையும், மின்சாரமோ வேகத்தின் மும்மடியாகக் குறையும். வேகம் 80 சதவீதம் என்றால் 0.8 × 0.8 × 0.8, அதாவது 51 சதவீத மின்சாரமே போதும். பாதி மிச்சம்! நாங்கள் மூன்று பேர் அறிக்கை எழுதி, ஒப்புதல் வாங்கி, மோட்டாருக்கு வேகம் மாற்றும் டிரைவையும் மாட்டிவிட்டோம். பேராசிரியர் தடுக்கவில்லை. 80 சதவீதத்துக்கு இறக்கினோம். மீட்டரில் மின்சாரம் சரசரவென்று குறைந்தது. எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சிறிது நேரத்தில் பம்ப் ஆபரேட்டர் மேலிருந்து இறங்கி வந்தார். "தம்பி, மேல தண்ணியே வரலையேப்பா" என்றார்.

அந்தப் பம்ப் முழு வேகத்தில் அதிகபட்சம் 40 மீட்டர் உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தள்ளும். தள்ளும் உயரம் வேகத்தின் இருமடியாகக் குறையும். 80 சதவீதத்தில் அது 25.6 மீட்டர். தொட்டியோ 30 மீட்டரில் இருக்கிறது. பம்ப் சுற்றுகிறது, தண்ணீர் தொட்டியை எட்டாமல் குழாயிலேயே நிற்கிறது. மும்மடி விதி பொய்யில்லை. குழாயின் உராய்வை மட்டும் எதிர்த்துச் சுற்றிவரும் தண்ணீருக்கு, ஏசி ஆலையில் ஓடும் குளிர்நீர் போன்றவற்றுக்கு, அது அழகாகப் பொருந்தும். உயரத்துக்கு ஏற்றும் தண்ணீருக்கு அப்படியே பொருந்தாது. பாடப்புத்தகத்தில் இந்த வரி இருந்தது, நாங்கள்தான் தாண்டிப் போயிருந்தோம்.

அப்புறம்தான் ஒழுங்காக அளந்தோம். ஓட்டம், அழுத்தம், மின்சாரம் மூன்றையும் ஒரு வாரம் குறித்தோம். பம்பின் செயல்திறன் 45 சதவீதத்துக்கும் கீழே. அந்த வேலைக்குப் பெரிதாக வாங்கிய பம்ப், உள்ளே தேய்ந்தும் போயிருந்தது. சரியான அளவுப் பம்ப் ஒன்றை மாற்றியதும் செலவில் மூன்றில் ஒரு பங்கு போல மிச்சமானது. அந்த ஒரு வார அளவுகளில் எங்களுக்குக் கிடைத்த பெரிய விஷயம் வேறு. தண்ணீர் காலையில் ஆறு மணிக்கும் மாலையில் ஆறு மணிக்கும் ஏற்றப்பட்டது, பழக்கம் காரணமாக மட்டும். தொட்டியோ ஒரு நாள் தேவையைத் தாங்கும். "அண்ணே, பகல் 11 மணிக்கு ஏத்தினா ஏதாவது பிரச்சினை வருமா?" என்று ஆபரேட்டரைக் கேட்டோம். "ஒண்ணும் வராது தம்பி, யாரும் கேட்கல, அதான்" என்றார். அன்றிலிருந்து மாடிப் பேனல் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அந்தப் பம்ப் ஓடியது. அந்தத் தொட்டி இத்தனை நாளும் ஒரு சேமிப்புக் கலனாக எங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. அதற்காக பேட்டரி எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

மேலாண்மையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் ஒரே படிப்பு என்பது எனக்கு அந்தப் பம்ப் அறையில்தான் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே மும்மடி காற்றாலையிலும் வருகிறது. காற்றின் வேகம் 10 சதவீதம் கூடினால் அதிலுள்ள ஆற்றல் 33 சதவீதம் கூடும். அதில் எந்தக் காற்றாலையாலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நூறு வருடத்துக்கு முன்பே போட்டு வைத்த கணக்கு அது. காற்று வேகத்தை அளப்பதில் சின்னப் பிழை செய்தால் திட்டத்தின் வருமானக் கணக்கே கவிழும். ஆக, அங்கேயும் முதல் வேலை அளப்பதுதான்.

இந்தத் துறை பிறந்த கதையும் இதையே காட்டுகிறது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்காவின் பெர்க்லியில் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் என்ற துகள் இயற்பியலாளர் இருந்தார், புகழ்பெற்ற இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் மாணவர். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வார விடுமுறை முழுக்க வீணாக எரியப்போகும் தன் தளத்து விளக்குகளுக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். அணைக்கப் போனால் சுவிட்சுகள் புத்தக அலமாரிக்கும் சுவரொட்டிக்கும் பின்னால் மறைந்து கிடந்தன. அந்த மனிதர் துகள் இயற்பியலை விட்டு இந்தப் பக்கம் வந்தார். அவரும் அவரைப் போன்றவர்களும் உழைத்து உருவான தரக்கட்டுப்பாடுகளால், 1970களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் இழுத்த அமெரிக்கக் குளிர்சாதனப் பெட்டி, 2000களின் தொடக்கத்தில் 500 யூனிட்டுக்கும் கீழே வந்தது. பெட்டியின் அளவோ கூடியிருந்தது. எத்தனை மின்நிலையங்கள் கட்டாமலே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வெப்பத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபமே உண்டு. உலகில் இறுதியாகப் பயன்படும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி வெப்பமாகச் செலவாகிறது. பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள், வெப்பத்துக்கு ஒரு பருவத்தில் ஒரு பாடம் இருந்தால் அதிகம். பாய்லர் புகைபோக்கியில் போகும் வாயுவின் சூட்டை 22 டிகிரி குறைத்தால் எரிபொருளில் ஏறக்குறைய ஒரு சதவீதம் மிச்சம் என்பது பாய்லர் அறையில் வேலை செய்கிறவர்களுக்கு மனப்பாடம். பட்டம் வாங்கிய பலருக்குத் தெரிவதில்லை. 60 டிகிரி வெந்நீருக்காக ஆயிரம் டிகிரிக்கும் மேல் எரியும் நெருப்பை மூட்டுகிறோமே, அது ஏன் வீண் என்பதை 1824இல் கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் எழுதிய நூலிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுக்கலாம். ஆற்றலுக்கு அளவு மட்டுமில்லை, தரமும் உண்டு. இது புரிந்தால், வெளியில் இருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே சேர்த்து, ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தைத் தரும் ஹீட் பம்ப் மாணவருக்கு மாயமாகத் தெரியாது.

மின்கட்டமைப்புப் பாடத்தையும் பலர் கடினம் என்று தவிர்க்கிறார்கள். 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் ஒரு மின்கம்பித் தடத்தில் மின்னல் விழுந்தது. வழக்கமாக நடப்பதுதான். ஆனால் அதே நேரத்தில் ஒரு கடல் காற்றாலைப் பண்ணையும் ஓர் எரிவாயு நிலையமும் உற்பத்தியை இழந்தன. உற்பத்தி தேவையைவிடக் குறைந்ததால், 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய மின்சாரத்தின் அதிர்வெண் 48.8க்கு இறங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் தானாகத் துண்டிக்கப்பட்டன. சில ரயில்களைத் திரும்பக் கிளப்ப டெக்னீஷியனே நேரில் வரவேண்டியிருந்தது. அந்தப் பண்ணை நின்றது காற்று குறைந்ததால் இல்லை. அதன் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை. நாளை இப்படிப்பட்ட அமைப்புகளை வடிவமைக்கப் போகிறவர்கள் இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"வேலை எல்லாம் சோலாரில்தானே இருக்கிறது" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் காட்டிய முதல் சிலிக்கான் செல்லின் செயல்திறன் 6 சதவீதம். இன்று கடையில் வாங்கும் பேனலே 20 சதவீதத்தைத் தாண்டுகிறது, விலையும் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன். பேனல் அரிதாக இருந்தபோது பேனலை அறிந்தவருக்கு மதிப்பு. இப்போது எந்த நேரத்தில், எதற்காக, எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு. பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. நல்ல உச்சி வெயிலில் அது 65 டிகிரியைத் தொடும்போது 14 சதவீதம் போலக் குறையும். பேனலின் பின்பக்கம் ஒருமுறை வெப்பமானி ஒட்டிப் பார்த்தவர் இந்த இழப்பைக் கணக்கில் விடமாட்டார்.

என் முதல் வேலையே ஒரு தொழிற்சாலையின் விடுமுறை நாளில்தான் தொடங்கியது. எந்த இயந்திரமும் ஓடவில்லை. காற்றுக் கம்ப்ரசர் மட்டும் நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. குழாய் வழியே நடந்தால் இணைப்புக்கு இணைப்பு உஸ்ஸென்று சத்தம். பத்து யூனிட் மின்சாரம் போட்டால் ஒரு யூனிட் வேலை தரும் அமைப்பு அது. அதிலும் கசிவு. அந்த ஆலையின் கூரைக்குத்தான் சோலார் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது, அந்தக் கசிவையும் சேர்த்துக் கணக்கிட்டு.

எனவே பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முதல் பருவத்திலேயே ஒவ்வொரு மாணவரையும் ஓடுகிற ஓர் இடத்துக்கு அனுப்புங்கள். அளக்கட்டும், ஒரு மாற்றத்தைச் சொல்லட்டும், செய்த பிறகு திரும்பவும் போய் அளக்கட்டும். இரண்டாவது அளவுக்குத்தான் மதிப்பெண் அதிகம் இருக்க வேண்டும். மிச்சம் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று எழுதினாலும் முழு மதிப்பெண் கொடுங்கள். சாஃப்ட்வேரை அதற்கப்புறம் பழகிக்கொள்ளலாம்.

சேரலாமா என்று என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளே, தாராளமாகச் சேருங்கள். சேரும் முன் துறையில் போய், மின்சாரத்தை அளக்கும் பவர் அனலைசரும் தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டரும் இருக்கின்றனவா, மாணவர்கள் அவற்றை வெளியே எடுத்துப்போக விடுவார்களா என்று கேளுங்கள். பூட்டிய அலமாரியைக் காட்டினால் வேறு இடம் பாருங்கள்.

அந்த 100 கிலோவாட் மாணவி நேற்று எனக்கு எழுதியிருந்தார். தேர்வு முடிந்த பிறகு, யாரும் கேட்காமலேயே, ஒரு மீட்டரை இரவல் வாங்கி அதே கட்டடத்தின் மெயின் போர்டில் ஒரு வாரம் மாட்டி வைத்திருக்கிறார். "பகல்ல 61க்கு மேல போகவே இல்லை சார். ஆனா ராத்திரி 2 மணிக்கும் 22 கிலோவாட்டுக்குக் கீழே இறங்கலை. கட்டடத்துல அப்போ யாருமே இல்லை. எது ஓடுதுன்னு நாளைக்கு ஒவ்வொரு பிரேக்கரா பார்க்கப் போறேன்."