ரீபூட்டுக்கு முகூர்த்தம் பார்க்கும் மகான்கள்

எங்கள் அலுவலகச் சர்வரின் ரீபூட்டை நேற்றும் தள்ளிவைத்துவிட்டார்கள். சனிக்கிழமை இரவு, ஈ காக்கை கூடச் சர்வரைத் தொடாத நேரம், வெறும் பதினைந்து நிமிட டவுன்டைம், அதற்கு மேலிடம் வரை கையெழுத்து வாங்கிய அனுமதிப் படிவம் என எல்லாம் தயாராக இருந்தபோது, தொடங்குவதற்குச் சற்று முன்னால் மேலாளரின் அழைப்பு வந்தது. "தம்பி, அக்கவுண்ட்ஸ்ல ஏதோ ரிப்போர்ட் ஓடிக்கிட்டிருக்காம். இன்னைக்கு வேணாம்ப்பா."

எந்த ரிப்போர்ட்டும் ஓடவில்லை. சர்வரில் உள்நுழைந்து பார்த்தபோது, அக்கவுண்ட்ஸ் பிரிவில் யாரோ ஒருவர் லாகவுட் செய்யாமலே வீட்டுக்குப் போயிருப்பதும், அவருடைய செஷன் மாலையிலிருந்து அசைவற்றுக் கிடப்பதும் தெரிந்தது. அந்தக் காலித் திரையின் நிம்மதி கெட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஒரு நிறுவனத்தின் மொத்தத் தரவையும் ஓட்டைக் கெர்னலின் மேல் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதிதான் கெர்னல்) இன்னும் பல வாரங்களுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள்.

இவர்களிடம் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள், ஏதாவது ஆகிவிட்டால் ஆள் கிடைக்காது என்றார்கள். பிறகு ஆடி வந்தது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாமாம், கெர்னலுக்கும் அது பொருந்துமாம். அடுத்துத் தீபாவளி போனஸ் கணக்கு. தை பிறந்ததும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் முடியட்டும் என்றார்கள். அவை முடிந்ததும் மார்ச் கணக்கு முடிப்பு என்றார்கள். மார்ச் முடிந்தால் மறுபடியும் சித்திரை வந்துவிடும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"நல்லாத்தானே ஓடுது, அதை ஏன் நோண்டுற?" என்று நேற்றும் கேட்டார். பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், போட்டாயிற்று சார், ஆனால் அது சேமிப்பு வட்டில் சும்மா கிடக்கிறது, சர்வர் தொடங்கும்போது நினைவகத்தில் ஏறிய பழைய கெர்னல்தான் இப்போதும் ஆட்சி செய்கிறது, ரீபூட் செய்தால்தான் புதியது பொறுப்பேற்கும் என்று அழைப்பிலேயே மறுபடியும் விளக்கினேன். "போட்டாச்சுன்னா அப்புறம் என்னப்பா?" என்றார். ஓடும் கெர்னல் எது என்று சொல்லும் யூநேம் கட்டளை காட்டிய பழைய பதிப்பு எண்ணைப் படம் பிடித்து அனுப்பினேன். பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திய பொம்மை ஒன்றை அனுப்பினார்.

பிறகு வழக்கமான பெருமை தொடங்கியது: நம் சர்வர் எத்தனை மாதமாக ஒருமுறை கூட நிற்காமல் ஓடுகிறது தெரியுமா? நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து வரும் விருந்தினர்களுக்கு அப்டைம் எண்ணை, அதாவது நிற்காமல் ஓடிய நாள் கணக்கைத், திரையில் காட்டிப் பூரிக்கும் வழக்கம் இங்கே உண்டு. பழைய 2.6.32 கெர்னல் காலத்தில் இப்படிப் பூரித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொன்னேன். உள்ளே நேரத்தைக் கணக்கிடும் பெருக்கல் ஒன்று, சுமார் 208.5 நாள் தொடர்ந்து ஓடியதும் எண்ணின் எல்லையைத் தாண்டி வழிந்துவிடும். அதனால் சில சர்வர்கள் அப்படியே விழுந்தன. நிறுத்தாமல் ஓட்டியதே வினையாகிவிட்டது. "அது பழைய கதை" என்றார். ஆமாம் சார், கெர்னலை மாற்றியவர்களுக்கு அது பழைய கதை.

"நம்ம சர்வர் உள்ளதானே இருக்கு, வெளியாள் எப்படி வருவான்?" என்பது அடுத்த அஸ்திரம். வெளியாள் நேராக ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, வர வேண்டியதில்லை. ஓர் இணையச் செயலியின் ஓட்டை வழியாகவோ, கசிந்துபோன கடவுச்சொல் ஒன்றைக் கொண்டோ சாதாரணப் பயனராக நுழைந்தால் போதும், மீதியைக் கெர்னலே செய்து கொடுத்துவிடும். 2016-இல் வெளியே தெரிந்த டர்ட்டி கவ் பிழை 2007 முதலே கெர்னலுக்குள் இருந்தது. படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பில் எழுதவும், அதன் வழியே ரூட் ஆகவும் அது இடம் கொடுத்தது. 2022-இல் டர்ட்டி பைப் வந்து ஏறத்தாழ அதே வேலையை இன்னும் சுலபமாக்கியது. கெர்னலில் வலையமைப்புத் தரவை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியில் இருந்த ஒரு பிழைக்கு 2024 ஜனவரியில் திருத்தம் வந்தது. அதைத் தாக்குதல்காரர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று அதே ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு தன் பட்டியலில் சேர்த்தது. திருத்தம் வெளியாகும் நாளிலேயே ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நாம் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் தாக்க வருபவனுக்குக் கொடுக்கும் அவகாசம்தான்.

யாரோ மருமகன் சொன்னானாம், லைவ் பேட்ச் என்று ஒன்று இருக்கிறதாம், ரீபூட்டே வேண்டாமாம். இருக்கிறது. 2015-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்தே லினக்ஸில் அதற்கான அடித்தளம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் பிழையான சில செயற்கூறுகளுக்குப் பதிலாகத் திருத்தியவற்றை ஓடவிடும் ஏற்பாடு அது. தேர்ந்தெடுத்த அவசரத் திருத்தங்களுக்கு உதவும், முழுக் கெர்னலையும் புதுப்பிக்காது. அதற்குச் சந்தா கட்டச் சொல்லி முன்பு நான் அனுப்பிய கோரிக்கையைத் திருப்பி அனுப்பியவர் யார் என்பதை நாகரிகம் கருதி இங்கே எழுதவில்லை.

புதிய கெர்னலில் ஏதேனும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) தகராறு செய்யலாம் என்பது நியாயமான பயம்தான். அதற்காகத்தானே ரெட் ஹாட் வகை லினக்ஸ் சர்வர்களில் வழக்கமாக 3 கெர்னல்கள் வரை வைத்திருக்கிறார்கள்? தொடக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிடலாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது என்று செய்தித்தாளில் ஒரு வரி வந்தால், இதே மனிதர்கள் முணுமுணுக்காமல் முதல் நாளே தொட்டியில் தண்ணீர் ஏற்றிக்கொள்கிறார்கள். துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டு, நன்றாகத்தானே எரிகிறது, ஏன் நோண்டுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. பகல் முழுவதையும் அங்கே கொடுப்பவர்களுக்கு நள்ளிரவில் ஒரு கால் மணி நேரம் கொடுக்க மனம் வரவில்லை.

கடைசியில், அழைப்பைத் துண்டிக்கும் முன்பு, திங்கட்கிழமை பாதுகாப்புத் தணிக்கை இருப்பதை அவரே நினைவூட்டினார். படிவத்தில் 'கெர்னல் திருத்தங்கள் முறையாகச் செயல்படுத்தப்படுகின்றனவா' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். "ஆம்னு போட்டுருப்பா, அதான் நீ போட்டுட்டேன்னு சொன்னியே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.