பட்டாவின் தட்டு சின்னதல்ல

அண்ணை, "டபிள் கப்பில் ஏறுவதில் பாதிகூடப் பட்டாவில் ஏறாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. பட்டா என்று நாங்கள் சொல்லும் டாடா ஏஸ் சின்ன லொறியின் தட்டு, அதாவது சாமான் ஏற்றும் பின்பகுதி, ஏறக்குறைய 7 அடி நீளம். டபிள் கப் என்பது பின்னிருக்கையும் உள்ள பிக்கப் வாகனம்; அதன் பெட்டி 5 அடியளவுதான், அதிலும் சில்லு வளைவுகள் இடத்தைத் தின்றுவிடும். கச்சான் மூட்டைக்கு நிறையைவிட இடம்தான் முக்கியம், பட்டாவில்தான் கூடுதலாக ஏறும்.

நிறையில் கப் முந்தும், சரி. பட்டாவுக்கு 750 கிலோதான் கணக்கு. 70 கிலோ நெல் மூட்டை பத்தோடு நிறுத்த வேண்டும். மாரியில் சேற்று வயல் பாதைக்கும் நான்கு சில்லும் இழுக்கும் கப்தான் தேவை. ஆனால் கிளிநொச்சிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிற ஒருவரை அதற்காகக் கடன்பட்டுக் கப் வாங்கச் சொல்லாதீர்கள்.