கிரின் கிகி ஒன்றும் பாசக்காரப் பாட்டி இல்லை

முதலில் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் ஜப்பானில் டிபிஎஸ் தொலைக்காட்சியில் 'தெராஉச்சி கந்தாரோ இக்கா' என்று ஒரு தொடர் வந்தது. டோக்கியோவில் கல்தச்சு வேலை செய்கிற ஒருவரின் குடும்பக் கதை. அப்பா மலை மாதிரி ஆள், மூக்குக்கு மேல் கோபம், எபிசோடுக்கு எபிசோட் மகனோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டு வீட்டுச் சாமானை எல்லாம் உடைப்பார். அந்த அப்பாவுக்கு ஒரு அம்மா உண்டு, கின் என்ற கிழவி. அந்தக் கிழவியாக நடித்தவருக்கு அப்போதுதான் 31 வயது முடிந்திருந்தது. அவருக்கு மகனாக நடித்த ஆசேய் கோபயாஷிக்கு 41. (அவர் நடிகரே இல்லை, இசையமைப்பாளர்.) ஆக அம்மாவைவிட மகன் பத்து வயது மூத்தவர். தலைமுடியை வெளுத்தாயிற்று, முதுகையும் கூனியாயிற்று, ஆனால் கை காட்டிக்கொடுத்துவிடுமே? 31 வயதுக் கையில் சுருக்கத்துக்கு எங்கே போவது? அதற்காக விரல்நுனி மட்டும் வெளியே தெரிகிற கையுறையை மாட்டிக்கொண்டு அந்தக் கிழவியாக உட்கார்ந்திருந்தார்.

அவர்தான் ஜப்பானிய நடிகை கிரின் கிகி. அந்தத் தொடர் வந்த காலத்தில் அவருக்கு அந்தப் பெயரே கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவரைப் பற்றி நம் ஆட்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு எரிச்சல் வருகிறது. 'ஜப்பானின் பாட்டி', 'அன்பே உருவானவர்', 'அவர் மடியில் படுத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது' என்று உருகி உருகி எழுதுகிறார்கள். இயக்குநர் கொரேடாவின் படங்களில் இருந்து ஒரு ஸ்டில்லை எடுத்துப் போட்டு, கீழே ஒரு கவிதை. ஐயா, நீங்கள் படத்தைப் பார்த்தீர்களா, ஸ்டில்லை மட்டும் பார்த்தீர்களா? அந்த அம்மா நடித்த பாட்டிகளில் பாதிப் பேர் விஷம். நான் குறையாகச் சொல்லவில்லை, எனக்கு அவரைப் பிடித்ததற்கே அதுதான் காரணம்.

அந்தக் கின் பாட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். தன் அறைச் சுவரில் கென்ஜி சவாதாவின் போஸ்டரை ஒட்டி வைத்திருப்பாள். சவாதா அப்போது பெண்கள் உயிரை விட்ட பாப் பாடகர், செல்லப் பெயர் ஜூலி. வீட்டில் சண்டை உச்சத்துக்குப் போகும்போது கிழவி அந்தப் போஸ்டருக்கு முன்னால் உடம்பை நெளித்து 'ஜூலீ...!' என்று ஊளையிடுவாள். ஜப்பான் முழுக்க அதைச் செய்து காட்டிச் சிரித்தது. எழுதியது குனிகோ முகோதா, எடுத்தது தெருஹிகோ குசே, இருவருமே ஜப்பானியத் தொலைக்காட்சியில் பெரிய தலைகள். வயதான பெண் என்றால் திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்ற கணக்கே அங்கு இல்லை. ஆசை, பொறாமை, அற்பத்தனம் எல்லாம் உள்ள கிழவி. அதையும் ஒரு 31 வயதுக்காரி கண்டுபிடித்துச் செய்கிறாள்.

டோக்கியோவில் கந்தா பகுதியில் 1943 ஜனவரி 15 அன்று பிறந்தார். அப்பா பிவா என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர். 1961-இல் புங்ககுசா நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கிருந்து தொலைக்காட்சி, 1964-இல் 'ஷிச்சினின் நோ மாகோ', 1970-இல் பொதுக் குளியல் கூடத்தை வைத்து எடுத்த 'ஜிகான் தேசுயோ' என்று போனது. கதாநாயகி முகம் கிடையாது. அவரும் அதற்கு ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது பெயர் கதை. நாடகக் குழுவில் வைத்துக்கொண்ட பெயர் சிஹோ யூகி. 1977-இல் ஒரு தொலைக்காட்சி நிலையம் டிவி ஆசாஹி என்று பெயர் மாறியது, அதற்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சி. பிரபலங்கள் தங்கள் பொருள் ஏதாவது ஒன்றை ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டும். இவர், விற்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லித் தன் பெயரையே ஏலத்தில் விட்டுவிட்டார். பதினைந்து வருடம் சம்பாதித்த பெயர்! 20,200 யென்னுக்குப் போனது. அப்புறம் புதுப் பெயர் வேண்டுமே, அகராதியைப் புரட்டி, மரங்கள் கூடி அரிதான ஒரு காடு ஆவது என்று பொருள் வருகிற மாதிரி கிகி கிரின் என்று வைத்துக்கொண்டார் (ஜப்பானில் குடும்பப் பெயர் முதலில் வரும்). அதிலும் ஒலி விளையாட்டுத்தான் முதலில், பொருள் அப்புறம் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லிப் பாருங்கள், கிகி கிரின், நாக்கு குதிக்கிறது.

இதைப் பலர் துறவு மனப்பான்மை என்று எழுதுகிறார்கள். எனக்கு அது குசும்பாகத்தான் படுகிறது. அதே குசும்பு ஃபுஜி கலர் விளம்பரத்திலும் உண்டு. ஃபோட்டோ கடைக்கு ஒரு வாடிக்கையாளராக இவர் வருவார், கடைப் பெண்ணாக கயோகோ கிஷிமோதோ. முதலில் எழுதிய வசனம், 'அழகானவர்கள் படத்தில் இன்னும் அழகாக விழுவார்கள், அழகில்லாதவர்களும் அழகாக விழுவார்கள்' என்கிற மாதிரி. இவர் மறுத்தார். அழகில்லாதவர் எப்படி அழகாக விழ முடியும், அது பொய் அல்லவா? கடைசியில் வசனம் இப்படி ஆனது: 'அழகானவர்கள் இன்னும் அழகாக, அப்படி இல்லாதவர்கள்... அதற்குத் தகுந்த மாதிரி விழுவார்கள்.' 'சொரேநாரி நி', அதாவது 'அதற்குத் தகுந்த மாதிரி' என்ற அந்தச் சொல் 1980-இல் ஜப்பான் முழுக்க எல்லோர் வாயிலும் இருந்தது. அதில் அடிபடுகிறவராக எதிரில் நிற்பவர் இவரேதான். விளம்பரத்தில் பொய் சொல்லமாட்டேன் என்று ஒரு நடிகை சண்டை போட்டு, தன்னையே கிண்டல் செய்கிற வசனத்தை வாங்கிக்கொண்டு வருவதை வேறு எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சரி, கொரேடாவுக்கு வருவோம். ஹிரோகசு கொரேடாவின் ஆறு படங்களில் நடித்திருக்கிறார். முதல் படம் 2008-இல் வந்த 'ஸ்டில் வாக்கிங்'. கொரேடாவின் அம்மா இறந்த பிறகு, அந்த அம்மாவை மனதில் வைத்து எழுதிய படம். அதில்தான் எனக்கு இவரை முதலில் தெரியும். மூன்று முறையாவது பார்த்திருப்பேன். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மூத்த மகனின் நினைவு நாளுக்கு மற்ற பிள்ளைகள் பெற்றோர் வீட்டுக்கு வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், ஒரு இரவு தங்கிவிட்டுப் போகிறார்கள். மூத்தவன் பதினைந்து வருடம் முன்பு கடலில் முழுகிக்கொண்டிருந்த ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய்ச் செத்துப்போனவன். அந்தச் சிறுவன் இப்போது பெருத்துப்போன இளைஞன், வியர்த்து விறுவிறுத்து வருடா வருடம் இந்த நாளில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டுப் போகிறான். அம்மா அவனை அன்பாக உபசரிக்கிறாள், அடுத்த வருடமும் கட்டாயம் வரவேண்டும் என்கிறாள். பார்க்கிற நாம் நினைக்கிறோம், எவ்வளவு பெரிய மனசு.

இரவு. எல்லோரும் அடங்கிய பிறகு அம்மா விளக்கடியில் குரோஷா பின்னிக்கொண்டிருக்கிறாள், வெள்ளை நூல். இரண்டாவது மகன் சொல்கிறான், அந்தப் பையனைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது, இனிமேல் கூப்பிட வேண்டாமே அம்மா. ஊசி நிற்கவில்லை. குரலும் உயரவில்லை. அதற்காகத்தானே கூப்பிடுகிறேன் என்கிறாள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அவன் மறந்துவிட்டால் எப்படி, வெறுக்க ஒரு ஆளும் இல்லாமல் நான் மட்டும் படுவதா, வருடத்தில் ஒரு நாள் அவனும் படட்டும், அதற்காகச் சாமி என்னைத் தண்டிக்காது, ஆகவே அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் வரவைப்பேன். இவ்வளவையும் நாளைக்கு என்ன சமைப்பது என்று பேசுகிற அதே தொனியில் சொல்கிறார் கிரின் கிகி. முகத்தில் ஒன்றும் இல்லை. விரல்கள் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன, நூல் இழுபடுகிறது, கண்ணி விழுகிறது. மகனுக்குப் பேச்சு எழவில்லை. எனக்கு முதுகு சில்லிட்டது.

இதை ஒருமுறை என் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சப்டைட்டில் வேகத்துக்கு அவரால் படிக்க முடியாது, நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த இடத்தில் நான் ஏதோ பெரிய திருப்பத்தைச் சொல்கிற மாதிரி நிறுத்திவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா சாதாரணமாக, 'வரத்தானே வேணும், அவ சொல்றதுல என்ன தப்பு?' என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதே படத்தில் இன்னொன்று. கணவர் வாலிபத்தில் வேறொரு பெண்ணின் வீட்டில் 'புளூ லைட் யோகோஹாமா' பாடிக்கொண்டிருந்ததை இவள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். உள்ளே போகவில்லை. திரும்பிப் போய் அந்த இசைத்தட்டை வாங்கிவிட்டாள், இத்தனை வருடமாக யாருக்கும் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். படத்தின் தலைப்பே அந்தப் பாட்டின் வரியில் இருந்து வந்தது. இவளா பாசக்காரப் பாட்டி?

எனக்கு எதிராகவே ஒன்று சொல்லியாக வேண்டும். 2015-இல் நவோமி கவாசே எடுத்த 'அன்' படத்தில் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. தோராயாகி (நடுவில் இனிப்புப் பயறு வைத்த அப்பம்) விற்கிற சின்னக் கடைக்கு வேலை கேட்டு வருகிற தோகுஏ என்ற கிழவி, கடையில் அறிவித்த கூலியில் பாதி போதும் என்கிறாள், பயறு வேகும்போது குனிந்து அதோடு பேசுகிறாள். அவள் கை கோணியிருக்கிறது. தொழுநோய் வந்த கை. ஜப்பானில் தொழுநோயாளிகளைப் பிரித்து அடைத்து வைக்கிற சட்டம் 1996-இல்தான் நீங்கியது, நோய்க்கு மருந்து வந்து பல பத்தாண்டுகள் கழித்து. பதின்ம வயதில் உள்ளே போனவர்கள் கிழவர்களாகி அங்கேயே இருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருத்தியை நடிக்கும்போது விஷத்துக்கு எங்கே இடம்? அதில் அவர் கனிவாகத்தான் இருக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அழுகையைக் கேட்டு வாங்கவில்லை. படத்தில் வருகிற பள்ளிக்கூடப் பெண் அவருடைய சொந்தப் பேத்தி கியாரா என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

கேமராவுக்கு வெளியேயும் அவர் லேசுப்பட்டவர் இல்லை. ஏஜென்சி கிடையாது, மேனேஜர் கிடையாது. வேலை வேண்டும் என்றால் வீட்டு ஃபோனில் பதிவு செய்துவிட்டு வைக்க வேண்டும், பிடித்தால் அவரே கூப்பிடுவார், சம்பளமும் அவரே பேசுவார். 1973-இல் யூயா உச்சிதா என்ற ராக் பாடகரைக் கட்டிக்கொண்டார், ஒன்றிரண்டு வருடத்தில் தனித்தனி வீடு. 1981-இல் அந்த ஆள் இவருக்குத் தெரியாமல் விவாகரத்துப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டார். இவர் நீதிமன்றம் போய் அது செல்லாது என்று தீர்ப்பு வாங்கிவந்தார். வாங்கிவிட்டுச் சேர்ந்து வாழ்ந்தாரா என்றால் அதுவும் இல்லை, கடைசிவரை தனி வீடு, கடைசிவரை மனைவி. அது அன்பா, பிடிவாதமா, பழிவாங்கலா? அந்தக் குரோஷாக்காரி இந்த வீட்டில் இருந்துதான் வந்திருப்பாள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

2005-இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. 2013-இல் ஜப்பான் அகாடமி விருது மேடையில், சிறந்த நடிகை விருதைக் கையில் வைத்துக்கொண்டு, உடம்பு முழுக்கப் புற்றுநோய் பரவியிருக்கிறது என்று அறிவித்தார். சபை அப்படியே உறைந்தது. அதற்குப் பிறகும் ஐந்து வருடம் விடாமல் நடித்தார். என் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த காலமே அதுதான்.

அதன் உச்சம் 2018-இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய 'ஷாப்லிஃப்டர்ஸ்'. ஹட்சுஏ என்ற கிழவி, பல் செட்டைக் கழற்றிவிட்டு, முடியைப் பரட்டையாக வளர்த்துக்கொண்டு நடித்தார். ஈறாலேயே ஆரஞ்சைக் கடித்து உறிஞ்சுவார் பாருங்கள், பார்க்கவே கூசும். பச்சின்கோ என்ற குண்டு விளையாட்டுச் சூதாட்டக் கடையில் பக்கத்து ஆளின் குண்டுகளைத் திருடுவாள். செத்துப்போன கணவனின் இரண்டாவது குடும்பத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போகிற மாதிரிப் போய் 30,000 யென் வாங்கி வருவாள். பார்க்கிற நமக்கு அவள்மேல் கோபம் வருவதே இல்லை, அது எப்படி என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

கடற்கரைக் காட்சி எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள், கிழவி மட்டும் மணலில். தன் காலைப் பார்க்கிறாள், எவ்வளவு கறை என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு அதன்மேல் மணலை அள்ளிப் போடுகிறாள். 31 வயதில் இளமை தெரியாமல் இருக்கக் கையுறை, 74 வயதில் முதுமையை மூட மணல். அப்புறம் அலையில் கைகோத்து நிற்கிற அந்தப் பொய்க் குடும்பத்தைப் பார்த்து உதடு மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை. இதுநாள் வரைக்கும் நன்றி என்கிறாள். திரைக்கதையில் அது இல்லை. படமெடுக்கும்போது கொரேடாவும் கவனிக்கவில்லை, எடிட்டிங் மேஜையில்தான் பார்த்திருக்கிறார். அந்த 2018 செப்டம்பர் 15-ஆம் தேதி, 75 வயதில், கிரின் கிகி தன் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார். யூயா உச்சிதா அடுத்த மார்ச்சில்.

இதுவரை இவரைப் பார்க்காதவர்கள் 'ஸ்டில் வாக்கிங்'கில் இருந்து தொடங்குங்கள். சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். அதில் அம்மா சோளத்தை உதிர்த்து மாவில் தோய்த்து எண்ணெயில் போடுவாள், வெடித்துத் தெறிக்கும், வீடே ஓடிவந்து சூடாக எடுத்துத் தின்னும். வெறும் வயிற்றோடு அதைப் பார்த்துவிட்டு இரவு பதினோரு மணிக்கு நான் சோளம் தேடிப் போன கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.