சுத்தியலைத் தண்ணீரில் போடாதீர்கள்

சுத்தியல் தலை ஆடினால் ராத்திரி முழுக்க ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வைப்பது நம்மவர்களிடம் ஊறிப்போன பழக்கம். காலையில் கெட்டியாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கெட்டியே பிடியைக் கொல்கிறது. ஊறிய மரத்துக்குப் பருக்க இடமில்லை. தலையில் பிடி நுழையும் துளைதான் கண்; அந்த இரும்புக் கண்ணுக்குள்ளேயே நார் நசுங்கிவிடும். காய்ந்ததும் பழைய அளவைவிடச் சுருங்கும். அடுத்த வாரம் இன்னும் அதிகமாக ஆடும், மறுபடி வாளி. கடைசியில் தலை கழன்று பறக்கும். பக்கத்தில் பிள்ளை நின்றால் என்ன ஆகும்?

ஈர மரத்தில் புதுப் பிடி போட்டாலும் இதே கதிதான். காற்றில் ஈரப்பதம் 85 விழுக்காடு இருந்தால் மரத்துக்குள் ஏறக்குறைய 17 விழுக்காடு ஈரம் நிற்கும்; 60 விழுக்காடு என்றால் 11. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்த கட்டையைச் செதுக்கி மாட்டி, ஏர்கான் அறையில் வைத்தால் சுருங்காமல் என்ன செய்யும்? கருவி இருக்கப்போகும் அறையிலேயே கட்டையைப் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் உளியைத் தொட வேண்டும்.

மரம் ஆஷ், ஹிக்கரி, கருவேலம் எதுவானாலும் சரி. மெராந்தி சுத்தியலுக்கு ஆகாது. மர நார் ஓடும் ரேகையைப் பக்கவாட்டில் பாருங்கள்: ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிய வேண்டும். பாதியில் பக்கமாக வெளியேறினால் பிடி முறிவது அங்கேதான்.

பழைய பிடியைத் தலைக்குக் கீழே அறுத்துவிட்டு, கண்ணுக்குள் இருக்கும் மரத்தில் 6 மி.மீ. டிரில்லால் நாலைந்து துளை போட்டு, பிடிப் பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தட்டி எடுங்கள். நெருப்பில் எரித்து எடுக்கவே கூடாது, எஃகின் பதம் போய்விடும்.

புதுப் பிடியில் ஆப்புக்கான வெட்டு, கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். மாட்டும்போது தலையைத் தரையில் வைத்து அடிக்காதீர்கள். தலை கீழே அந்தரத்தில் தொங்கும்படி பிடித்து, பிடியின் அடிமுனையைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். கனத்த தலை அசையாமல் நிற்க, பிடி உள்ளே இறங்கும். கண்ணின் விளிம்பு மரத்தைச் சீவி, பிடியைச் சுற்றி மெல்லிய சுருள் எழும்பும். அந்தச் சுருள் ஒரு பக்கம் மட்டும் வந்தால் அங்கே மரம் அதிகம். கழற்றி, அந்த இடத்தை மட்டும் அரத்தால் தேயுங்கள். சுற்றிலும் சமமாக வரும்வரை பொறுமை வேண்டும். மேலே 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். பிறகு கண்ணின் முழு நீளத்துக்கும் நிறையும் கடின மர ஆப்பை இறக்குங்கள். பசை தேவையில்லை.

உளிக்குப் பிடி போட வேலை குறைவு. 15 மி.மீ. செப்புக் குழாயில் இரண்டு செ.மீ. அறுத்தால், பிடியின் வாயைச் சுற்றி மாட்டும் வளையமான பூண் தயார். பிடிக்குள் நுழையும் உளியின் வால் கூம்பாக இருப்பதால் துளையை இரண்டு மூன்று டிரில் அளவுகளில் படிப்படியாகப் போடுங்கள். கையால் செருகும்போது கடைசி 10 மி.மீ. வெளியே நிற்க வேண்டும், அதைத் தட்டி இறக்கலாம். பூண் இல்லாமல் தட்டினால் பிடி பிளக்கும்.

கடைசியில் ஆளிவிதை எண்ணெய், குறிப்பாக வெட்டு முனைகளில். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் குழாயில் போட்டுவிடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த டின்னில் மூழ்கடித்து மூடி வையுங்கள். வாளித் தண்ணீர் இதற்குத்தான் வேண்டும்.