47 குதிரைகளும் ஒரு துருப்பிடித்த கேபிளும்

போன ஆடியில் அறப்பளீசுவரரைப் பார்க்கக் கொல்லிமலைக்குப் போனோம். காரவல்லி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். என்னுடையது 2014-இல் வாங்கிய ஆல்டோ 800. உள்ளே நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள், டிக்கி நிறையச் சாமான். முன்னால் மச்சானின் பெரிய டீசல் வண்டி.

முப்பதாவது வளைவு வரை ஒரு பிரச்சினையும் இல்லை. அடுத்ததில் மேலிருந்து ஒரு ஜீப் நேராக இறங்கி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. விதியைப் படித்துவிட்டா ஜீப் ஓட்டுகிறார்கள்? வளைவின் நடுவில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்துப் பிடித்து, ஜீப் போனதும் கிளப்பினேன். அதற்குப் பிறகு அது என் காராகவே இல்லை. யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பது போல இருந்தது. ஏதோ கருகும் வாடை வேறு. "நான் வேண்டுமானால் இறங்கி நடக்கட்டுமா கண்ணு?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு கார்க்காரன் வாழ்நாளில் மறக்க மாட்டான்.

மலைமேல் சோளக்காட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த மச்சான் சிரித்தார். "மாப்பிள்ளை, இதைக் கொடுத்துவிட்டு வேறு வண்டி எடுங்கள்" என்றார். கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் கார் தலைப்புச் செய்தியாகியிருந்தது.

ரோஷம் வந்தவன் செய்கிற முதல் வேலை செலவு. ஊருக்குத் திரும்பியதும் கார் அலங்காரக் கடை ஒன்றில் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் வாங்கி மாட்டினேன். கடையின் பெயர் வேண்டாம், ஏமாந்தது நான். "பிக்கப் சும்மா பிய்த்துக்கொண்டு போகும்" என்றார் கடைக்காரர். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காற்றை உறிஞ்சும் ஓர் இரைச்சல் கிளம்பியது. பந்தயக் கார் ஓட்டுவது போல இரண்டு நாள் மிதந்தேன். மூன்றாம் நாள் சந்தேகம் வந்தது. அதிகாலையில் ஆளில்லாத புறவழிச்சாலையில், ஏசியை அணைத்துவிட்டு, மூன்றாவது கியரில் 40-லிருந்து 80-ஐத் தொட எத்தனை விநாடி என்று பையனிடம் கைபேசியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். 15. பழைய ஃபில்டரைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். அதே 15.

யோசித்தால் காரணம் எளிது. கம்பெனி வைத்த ஃபில்டர் பெட்டி வெளிக்காற்றை இழுக்கும்படி அமைக்கப்பட்டது. கூம்பு ஃபில்டரோ பானெட்டுக்குள் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து வெந்த காற்றைக் குடிக்கிறது. 35 டிகிரிக் காற்றுக்குப் பதில் 65 டிகிரிக் காற்று உள்ளே போனால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். அதாவது சித்திரை வெயிலில் நெரிசலில் நின்று கிளம்பும்போது, காசு கொடுத்து வாங்கிய அந்த உருப்படி இருந்த பலத்தையும் கொஞ்சம் தின்றிருக்கும்.

ரீமேப் செய்யச் சொன்னவர்களும் உண்டு, அதாவது எஞ்சினை நடத்தும் கணினியின் கணக்கை மாற்றி எழுதுவது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ள எஞ்சினில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. கணினியிடம் சொல்லி டர்போ காற்றை இன்னும் அழுத்தித் தள்ள வைக்கலாம். டர்போ இல்லாத 800 சிசி எஞ்சினில் மூன்று சிலிண்டரும் எவ்வளவு காற்றை இழுக்குமோ அவ்வளவுதான் இழுக்கும். காற்று கூடாமல் பெட்ரோலை மட்டும் கூட்டினால் புகைதான் கூடும். பெரிய டயர் போடுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் காருக்கு வந்த டயர் அளவு 145/80 ஆர்12. கம்பீரத்துக்காக 155/80 ஆர்13 போட்டால் சக்கரத்தின் உயரம் 7 சதவீதத்துக்கு மேல் கூடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாக் கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடும், அதாவது எந்தக் கியரிலும் இழுவை குறையும். ஏற்கெனவே மூச்சுவாங்கும் எஞ்சின் தலையில் இன்னொரு மூட்டை.

கடைசியில்தான் முதலில் போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போனேன். எங்கள் தெருமுனைப் பட்டறை. மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. "மலையில் எங்கேயாவது கைபிரேக் போட்டீர்களா தம்பி?" என்று கேட்டார். பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, வலது சக்கரத்தைக் கையால் சுழற்றினார். இரண்டு மூன்று சுற்று ஓடி நின்றது. இடது சக்கரத்தைச் சுழற்றினார். அரைச் சுற்று, சர்ரென்று ஒரு தேய்ப்புச் சத்தம், அப்படியே நின்றுவிட்டது. டிரம்மைக் கழற்றியபோது உள்ளே பிரேக் ஷூ கருகிக் கண்ணாடி போலப் பளபளத்தது. கைபிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருந்தது. இழுத்தால் போகிறது, விட்டால் திரும்புவதில்லை. காரை ஆண்டுக்கணக்கில் மழையில் நிறுத்தியவன் நான்தான். அன்றைக்கு 39 வளைவுகளை ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே ஏறியிருக்கிறது அந்தக் கார். அதையா நான் பலமில்லாத வண்டி என்று திட்டினேன்?

கேபிளும் ஷூவும் மாற்றினார். ஸ்பார்க் பிளக்குகளைப் புதிதாகப் போட்டார். டயரில் இருந்த காற்று 22. ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுக்கு நிரப்பினார். மறுவாரம் அதே சாலை, அதே நேரம், அதே பையன்: 12 விநாடி. கூம்பு ஃபில்டருக்குக் கொடுத்ததைவிட நூறு ரூபாய் குறைவாகத்தான் செலவானது.

எடை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். டிக்கியைக் காலி செய்து, எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 20 லிட்டர் தண்ணீர் கேன், மாமனார் வீட்டுத் தேங்காய் மூட்டை, ஒரு கிரிக்கெட் பை, எப்போதோ மாற்றிய பழைய பேட்டரி. மொத்தம் 52 கிலோ! ஆளோடு சேர்த்து ஒரு டன்னைத் தொடும் வண்டியில் இது ஐந்து சதவீதம். 47 குதிரைத்திறனில் ஐந்து சதவீதம் என்றால் இரண்டுக்கு மேல். இரண்டு குதிரைகளை நான் தேங்காய் சுமக்கப் பழக்கியிருந்தேன்.

இந்த 800 சிசி எஞ்சினை ஏளனம் செய்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து, எடை குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். பின்னாளில், 2005-இல், இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக ஆன நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் தன் முதல் பந்தயத்தை ஓடியது அந்த வகைக் காரில்தான். சந்தைக்குப் போய்வந்த அதே எஞ்சின். சுமை குறைந்ததும் அதன் குணமே மாறிவிட்டது.

எல்லாம் சரிசெய்த பிறகும் பெரும்பாலான சின்னக் கார்கள் மலையில் திணறும். அதற்குக் காரணம் ஓட்டுகிறவரின் காது. "எஞ்சினை அலற விடாதே, கியரை மாற்று" என்பது அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவர் பழகியது டீசல் அம்பாசடர். அதற்கு அந்தப் பாடம் சரி. சின்னப் பெட்ரோல் எஞ்சினுக்கு அது சரிவராது. என் காரின் முறுக்குவிசை, அதாவது எஞ்சின் திருகும் பலம், 69 நியூட்டன் மீட்டர். அது முழுதாகக் கிடைப்பது 3,500 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 சுற்று சுற்றும்போது. அங்கே எஞ்சின் தருவது 34 குதிரைத்திறன். 1,500 சுற்றில் அதே எஞ்சின் 12-ஐத் தாண்டாது. 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில், ஒரு டன் சுமையோடு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக் கிட்டத்தட்ட 10, 11 குதிரைத்திறன் வேண்டும். ஏசி ஓடினால் அது தன் பங்குக்கு இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளும். மேலே போகப் போகக் காற்று மெலிந்து, 1,000 மீட்டர் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு பலம் தானாகவே போய்விடும்.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் எஞ்சின் 1,500-க்குச் சற்று மேலேதான் சுற்றும். கையில் இருப்பதும் தேவைப்படுவதும் ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விடும். சாலை கொஞ்சம் செங்குத்தானால் வண்டி படுத்துவிடும். இரண்டாவதுக்கு இறங்கினால் 2,500-ஐத் தொட்டு இருபது குதிரைத்திறனுக்கு மேல் தரும். வளைவுக்குள் நுழையும் முன்பே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். நடுவளைவில் யோசிக்கக் கூடாது. என் கார் மீட்டரில் ஆர்பிஎம் முள் கிடையாது. எஞ்சின் முனகினால் கியரைக் குறைக்கிறேன், பாடினால் விட்டுவிடுகிறேன். மைலேஜ் போய்விடுமே என்பார்கள். முனகும் எஞ்சினில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தும் நகராமல் நிற்பதில் என்ன மைலேஜ் மிச்சம்?

இதற்கு மேலும் பலம் வேண்டும் என்றால் பெரிய எஞ்சின் உள்ள காரை வாங்குவதுதான் நேர்மையான வழி. எஞ்சினை மாற்றிப் பொருத்தும் எண்ணம் இருந்தால் வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிப் பேசும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ்காரர்களும் விபத்து நடந்த பிறகுதான் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள்.

தை மாதம் மறுபடி ஏறினோம். அதே ஐந்து பேர். சோளக்காடு வரை நிற்கவில்லை. அம்மா மட்டும் "ஏன் கண்ணு வண்டி இப்படிக் கத்துகிறது?" என்று இரண்டு முறை கேட்டார். இறங்குகிறேன் என்று சொல்லவில்லை.

கூம்பு ஃபில்டர் வீட்டில் அப்படியே பெட்டியோடு இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் உள்பெட்டியில் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன். சத்தம் நன்றாக வரும்.