1907 என்று இருந்தால் 1907 டப்பாவா?

பிரின்ஸ் ஆல்பர்ட் பைப் புகையிலை டப்பாவில் 1907 என்று இருக்கிறது, அதனால் அது அந்த வருடத்து டப்பா என்று சொல்லியிருக்கிறீர்கள். இல்லைங்க. அருகில் உள்ள வரியைப் படியுங்கள்: ஜூலை 30, 1907 என்பது காப்புரிமை தேதி. பல பத்தாண்டுகளாக அதையேதான் அச்சிட்டார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது, அதே ஆசையில் வாங்கியதுதான்!

நம்பகமான தடயம், மூடியில் ஒட்டிய அமெரிக்க வரி முத்திரைத் தாள். அது பாதி கிழிந்திருந்தாலும் தொடர் எண் தெரிகிறதா பாருங்கள். 1930கள் முதல் 1955 வரையிலான முத்திரை என்றால் அந்த எண்ணோடு 1830ஐக் கூட்டினால் போதும், வருடம் கிடைத்துவிடும். 102 என்றால் 1932. அப்புறம், முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் 1963க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பே இல்லை. பார்கோடு இருந்தால் பேச்சே வேண்டாம்.